14 ஆண்டு பழைய காம்பி பாய்லர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

குராய்டன் தமிழன்

வணக்கம். தெற்கு இலண்டனில், குராய்டனில், மூன்று படுக்கையறை கொண்ட வீட்டில் வசிக்கிறோம். முந்தைய உரிமையாளர் 2011இல் பொருத்திய காம்பி பாய்லர்தான் வெந்நீருக்கும் ரேடியேட்டர்களுக்கும் இன்றுவரை உழைத்து வருகிறது. சென்ற மாதத்திலிருந்து அதில் இரண்டு தொல்லைகள்.

முதலாவது அழுத்தம். காலையில் பார்த்தால் முள் 0.5 பாருக்குக் கீழே கிடக்கிறது. அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீர் விட்டு 1.2 வரை ஏற்றினால், ஹீட்டிங் ஓடத் தொடங்கிய அரை மணி நேரத்தில் 3ஐத் தொடுகிறது. மறுநாள் காலையில் மீண்டும் பழைய நிலைதான். இரண்டாவது வெந்நீர். ஒரு நிமிடம் சுடுகிறது, பிறகு சில்லென்று ஆகிவிடுகிறது, மீண்டும் சுடுகிறது. 74 வயதான என் அம்மா ஷவரை நம்பாமல், வாளியில் பிடித்து, கையை விட்டுப் பார்த்த பிறகே குளிக்கிறார்.

வந்து பார்த்த நிறுவனத்தின் பணியாளர் முன்மூடியைக்கூடக் கழற்றவில்லை. வயதைக் கேட்டார், பத்து ஆண்டு தாண்டியதற்குச் செலவழிப்பது வீண் என்றார், புதியதைப் போட்டால் எரிவாயுக் கட்டணம் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்றும் சொல்லி, 2,900 பவுண்டுக்கு மதிப்பீடு அனுப்பிவிட்டார். குளிர் கூடுவதற்குள் முடிவெடுக்க வேண்டும். வயது ஒன்றை மட்டும் வைத்து இப்படிச் சொல்லிவிட முடியுமா?

கேஸ் இன்ஜினியர், ஈஸ்ட் ஹாம்

முடியாது, தம்பி. இருபது ஆண்டுகளாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். எந்தப் பாகம் கெட்டது, அது ஏன் கெட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் எழுதப்படும் மதிப்பீட்டை நான் மதிப்பீடாகவே எடுத்துக்கொள்வதில்லை.

நீங்கள் சொல்லும் அழுத்தக் கதை எக்ஸ்பான்ஷன் வெஸ்ஸலைத்தான் காட்டுகிறது. அது பாய்லருக்குள் இருக்கும் ஒரு சிவப்புத் தகரக் கலம். நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஹீட்டிங் தண்ணீர். தண்ணீர் சூடாகி விரியும்போது அந்தக் காற்று அமுங்கி இடம் கொடுக்க வேண்டும். காற்று இறங்கிப் போயிருந்தால் விரிந்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் 3 பாரை எட்டியதும் பாதுகாப்பு வால்வு திறந்து, தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பாய்லர் ஆறியபின் அழுத்தம் விழுந்து கிடப்பது இதனால்தான். வெளிச்சுவரில், அந்த வால்விலிருந்து வரும் 15 மில்லிமீட்டர் செப்புக் குழாய் ஒன்று சுவரை நோக்கி வளைந்து நிற்கும். ஹீட்டிங் ஓடாத நேரத்தில் அதன் வாயில் ஒரு சிறு பிளாஸ்டிக் பையை ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டு, மறுநாள் பாருங்கள். பையில் தண்ணீர் இருந்தால், வீட்டுத் தரைக்கடியில் கசிவு தேடி அலைய வேண்டியதில்லை. காற்றை நிரப்புவது கார் டயருக்குக் காற்றடிப்பது போன்ற வேலைதான். ஆனால் காற்று வாயிலிருந்து தண்ணீர் வந்தால் சவ்வு கிழிந்துவிட்டது, கலத்தையே மாற்ற வேண்டும். ஒருமுறை திறந்த பாதுகாப்பு வால்வு பெரும்பாலும் மறுபடி சரியாக அமராது என்பதால், அதையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்.

வெந்நீர் சுட்டும் ஆறியும் வருவதற்கு இலண்டன் தண்ணீரே காரணமாக இருக்கலாம். சுண்ணாம்புப் பாறையிலிருந்து வரும் கடினநீர், கெட்டிலுக்குள் படிவதைப்போலவே, குழாய் நீரைச் சூடேற்றும் பாகமான பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள்ளும் படிந்துவிடும். வெப்பம் தண்ணீருக்குச் சரியாகக் கடக்காததால் பாய்லர் தன்னையே சூடேற்றிக்கொண்டு அணைந்துவிடும். ஆறியதும் மறுபடி பற்றும். சூட்டை ரேடியேட்டருக்கோ வெந்நீருக்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வையும் ஒதுக்கிவிடாமல் பாருங்கள்: ஹீட்டிங்கை அணைத்துவிட்டு வெந்நீரைத் திறந்து வைக்கும்போது, பாய்லருக்கு அருகிலுள்ள ரேடியேட்டர் இளஞ்சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள், ஆகிறதென்றால் அந்த வால்வில்தான் சந்தேகம்.

கட்டணம் குறையும் என்ற வாக்குறுதி உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. 2005 ஏப்ரல் முதலே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பொருத்தும் எரிவாயு பாய்லர்கள், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, கண்டென்சிங் வகையாக, அதாவது புகையிலுள்ள வெப்பத்தையும் மீட்டெடுப்பதாக, இருக்க வேண்டும் என்பது விதி. 1980களின் பாய்லரை மாற்றுகிறவருக்கு அந்தக் கணக்கு உண்மையாக இருக்கும். உங்களுடையது ஏற்கெனவே கண்டென்சிங். செலவில்லாத ஒன்றைச் செய்யுங்கள்: ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் வெப்பத்தை 75இலிருந்து 60 டிகிரிக்குக் குறையுங்கள். திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தைத் திருப்பித் தரும். அதற்கு மேல் ஓடும் கண்டென்சிங் பாய்லர் பெயருக்குத்தான் கண்டென்சிங்.

எரிவாயுவின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தும் மெயின் ஹீட் எக்ஸ்சேஞ்சரே ஓட்டையானாலோ, பாகங்கள் தயாரிப்பிலிருந்து நின்றுவிட்டாலோ, புகைக்குழலோ உறையோ அரித்துப் பாதுகாப்பு கேள்விக்குறியானாலோ, தயங்காமல் மாற்றச் சொல்லிவிடுவேன். மூடியைத் திறக்கிறவர், எரிவாயு வேலை செய்பவர்களுக்கான பதிவேடான கேஸ் சேஃபில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவரது அடையாள அட்டையின் பின்புறத்தில் பாய்லர் வேலைக்கு அவருக்குத் தகுதி உண்டா என்பதும் எழுதியிருக்கும், திருப்பிப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால் இன்றே வாங்கி மாட்டுங்கள்.

ஹாரோ வாசகி

ஐயா சொன்ன "ஏன் கெட்டது" என்ற கேள்வியை நாங்கள் கேட்காமல் விட்டதால் பட்ட பாட்டை எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், டிசம்பர் நடுவில் பாய்லர் நின்றது. வீட்டில் கைக்குழந்தை. முதலில் வர ஒப்புக்கொண்டவரிடமே புதியதை ஒரே நாளில் போடச் சொல்லிவிட்டோம். பழைய ரேடியேட்டர்களிலும் குழாய்களிலும் கிடந்த துருச்சேற்றை அவர் கழுவவில்லை, காந்த வடிகட்டியும் வைக்கவில்லை. ஒன்றரை ஆண்டில் புதிய பாய்லரின் பிளேட் அடைத்துக்கொண்டது. பத்து ஆண்டு வாரண்டி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம்; அமைப்பைக் கழுவியதற்குப் பதிவு இல்லை, ஆண்டு சர்வீஸும் தவறியிருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். முழுச் செலவும் எங்கள் தலையில் விழுந்தது.

ஆகவே மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், மதிப்பீட்டில் அமைப்பைக் கழுவுவது, காந்த வடிகட்டி, துருத்தடுப்பு மருந்து ஆகியவை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பொருத்திய 30 நாளுக்குள் உள்ளாட்சிக்கு அறிவித்து, கட்டட விதிச் சான்றிதழ் உங்கள் கைக்கு வர வேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அதைத்தான் முதலில் கேட்பார்.

ரெடிங் நண்பர்

நான் மாற்றுவதற்கு எதிரானவன் அல்லன், ஆனால் இப்போது 2,900 பவுண்டுக்கு இன்னொரு எரிவாயு பாய்லரைப் போட்டால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அதனோடு கட்டுண்டுவிடுவீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் காற்றுவழி ஹீட் பம்ப் பொருத்த, அரசின் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் வழியாக 7,500 பவுண்டு மானியம் கிடைக்கிறது. 2023 அக்டோபருக்கு முன் அது 5,000ஆக இருந்தது. ஆனால் அது ஒரு வாரத்தில் முடிவெடுக்கிற வேலை அன்று. காம்பி இருந்த வீட்டில் வெந்நீர்த் தொட்டி இராது, அதற்கு இடம் பார்க்க வேண்டும். அறைவாரியாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டு, சில ரேடியேட்டர்களைப் பெரிதாக்க வேண்டியிருக்கும். பழுது பார்த்து இரண்டு மூன்று குளிர்காலத்தைத் தள்ளுவது, நிதானமாக அதைத் திட்டமிட உங்களுக்கு அவகாசம் தரும்.

குராய்டன் தமிழன்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பையைக் கட்டிய மறுநாள் காலையில் அதில் அரை டம்ளர் தண்ணீர் இருந்தது. வேறொரு பதிவு பெற்ற இன்ஜினியரை அழைத்தேன். காற்று முற்றிலும் இறங்கியிருந்தது, சவ்வு நன்றாக இருந்தது. காற்றை நிரப்பி, பாதுகாப்பு வால்வையும் பிளேட்டையும் மாற்றினார்; மொத்தம் 410 பவுண்டு. கழற்றிய பிளேட்டை அம்மாவிடம் காட்டினார், அதன் வாயில் வெள்ளைச் சுண்ணாம்பு அப்பிக் கிடந்தது. இப்போது ஆறியிருக்கும்போது 1.3, சூட்டில் 1.8, ஒன்பது நாளாகத் திருகைத் தொடவில்லை. அம்மா வாளியை எடுத்து வைத்துவிட்டார்.

ஒரு சந்தேகம். மாடி ரேடியேட்டரில் காற்றுப் பிடுங்கியபோது, வெள்ளைக் கோப்பையில் விழுந்த தண்ணீர் மை போலக் கறுப்பாக இருந்தது. அமைப்பை இப்போதே கழுவ வேண்டுமா?

கேஸ் இன்ஜினியர், ஈஸ்ட் ஹாம்

ஒரு மாதமாகத் தினமும் புதுத் தண்ணீர் ஏற்றியிருக்கிறீர்கள். அதோடு உள்ளே போன ஆக்சிஜன் ரேடியேட்டரின் இரும்பைத் தின்றதன் அடையாளம்தான் அந்தக் கறுப்பு. காந்த வடிகட்டியையும் துருத்தடுப்பு மருந்தையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள். ரேடியேட்டர்களின் அடிப்பகுதி சூடாகாமல் இருந்தால் கழுவியே ஆக வேண்டும். சூடாகிறது என்றால், ஹீட்டிங்கை நிறுத்தும் ஏப்ரல் மாதத்தில் கழுவலாம்.