அணியை நடத்தவும் எங்கள் பிள்ளைகள் வர வேண்டும், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கூடலூர் பக்கம் சின்னப் பசங்களுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். பணியர், குறும்பர் என்ற பழங்குடிப் பிள்ளைகள் அருமையாக ஆடுகிறார்கள். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று அணியை நடத்துவது எப்போதும் வேறு யாரோதான். போன மாதம் எங்கள் மூத்த வீரன் பயிற்சியாளராக விரும்பிக் கேட்டதற்கு, "நீ ஆடினால் போதும்" என்றார்கள். மனசு ஆறவில்லை.

இங்கிலாந்தில் 1960-லேயே டோனி காலின்ஸ் என்ற கறுப்பினத்தவர் ராச்டேல் கால்பந்து அணிக்கு மேலாளர், அதாவது அணியை நடத்துபவர் ஆனார். 1962-இல் லீக் கோப்பை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனார். அப்படியும் கதவு லேசில் திறக்கவில்லை. அந்நாட்டின் உச்சநிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக் தனது முதல் கறுப்பின மேலாளராக ரூட் குல்லிட்டைப் பார்த்தது 1996-இல்தான்.

சரி, பயிற்சியாளராக விரும்பிய அந்தப் பையனை, கால்பந்துப் பயிற்சியாளருக்கான டி லைசென்ஸ் என்ற சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். கோவைப் பக்கம் அடுத்து எப்போது நடக்கும்? கட்டணத்துக்கு உதவுபவர்கள் இருக்கிறார்களா? தமிழில் பாடக்குறிப்பு இருந்தாலும் அனுப்புங்கள்.