கார்டிசால், கார்டிசோன் இரண்டையும் அளக்கும் லேப் தேவை

எங்களுக்குப் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. அம்மாவுக்கு வயது 61. இரண்டு மாதமாக பிரஷர் 170-ஐ ஒட்டியே நின்றது. பொட்டாசியம் குறைந்து 2.9. ராத்திரியானால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது.

மாத்திரையை இரண்டு முறை மாற்றியாயிற்று, உப்பையும் குறைத்தோம். வீட்டு மெஷின் மேல் சந்தேகப்பட்டு கிளினிக்கிலும் பார்த்தோம், அதே கணக்குதான். உடம்பில் உப்பையும் பிரஷரையும் கட்டுப்படுத்தும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டுமே குறைவு.

அப்புறம்தான் முந்தானை முடிச்சில் இருந்த அதிமதுரத் துண்டு கண்ணில் பட்டது. தொண்டைக் கரகரப்புக்கு மார்ச்சிலிருந்து தினமும் மெல்கிறாராம். இங்கே கடையில் இரட்டிமதுரம் என்று கேட்டு வாங்குவது. "வேர்தானேடா, மருந்தா?" என்கிறார். சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றும் என்சைமை அதிமதுரம் தடுத்துவிடும். மாறாமல் நிற்கும் கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் செய்யவேண்டிய வேலையைத் தானே செய்யும்: உப்பைப் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும்.

நிறுத்தி 12 நாள் ஆகிறது, பிரஷர் இப்போது 150. உறுதிப்படுத்த 24 மணி நேர சிறுநீரில் கார்டிசால், கார்டிசோன் இரண்டையும் தனித்தனியாக அளக்கச் சொல்கிறார் டாக்டர். பாலக்காட்டிலும் பொள்ளாச்சியிலும் விசாரித்த லேப்களில் கார்டிசால் மட்டும்தான் பார்க்கிறார்கள்.

கோவை, திருச்சூர் பக்கம் இரண்டையும் அளந்து தரும் லேப் எது?