சத்தம் போடாத எடிட்டிங், கேமிங் கம்ப்யூட்டர்: யார் என்ன வாங்கினோம், ஏன் வாங்கினோம்

வேளச்சேரி, சென்னை (ஆவணப்பட எடிட்டர்)

சத்தமில்லாத கம்ப்யூட்டர் வேண்டும் என்று கேட்டால் கடையில் உடனே இரண்டு பொருளை எடுத்து வைப்பார்கள். ஒன்று, உள்ளே பஞ்சும் தார்ப்பட்டையும் ஒட்டிய கேபினெட். இன்னொன்று வாட்டர் கூலர். நான் இரண்டையும் வாங்கவில்லை. எடிட்டிங் செய்யும் மேசையிலேயே மைக் வைத்துப் பின்னணிக் குரலும் பதிவு செய்கிறேன். இரவில் கேமும் உண்டு. மைக் பக்கத்தில் இருப்பதால் ரெக்கார்டிங் நேரத்தில் ஏசியை அணைத்துவிட வேண்டும். இந்த நிலைமைக்கு எது சரிப்பட்டது என்பதை விரிவாகவே எழுதுகிறேன். இதே தேடலில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

என் முடிவு இதுதான்: சத்தத்தை வாட்டில் குறைக்க வேண்டும். ஃபேன் சுற்றுவது வெப்பத்துக்காக. வெப்பம் என்பது ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் குடிக்கும் மின்சாரம்தான். 500 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் அந்த 500 வாட்டையும் அறைக்குள்தான் கொட்டுகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பமே சுமார் 3.5 கிலோவாட், அதில் ஏழில் ஒரு பங்கு இந்தப் பெட்டிக்கே போய்விடும். அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாமல் எங்கள் அறை 34 டிகிரிக்குப் போகும். யூடியூபில் கூலர் ரிவ்யூ செய்பவர்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் காட்டும் 70 டிகிரி நமக்கு 82 என்று கணக்கு வைத்துக்கொண்டுதான் பார்ட்ஸ் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்தது ஃபேன் கணக்கு. இது தெரிந்த பிறகு தேர்வு மிகவும் சுலபமாகிவிட்டது. ஃபேன் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும், ஆனால் சத்தம் 15 டெசிபல் அளவுக்கு இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத் தெரியும். மறுபக்கம், அதே மாதிரி இன்னொரு ஃபேனைக் கூடுதலாக வைத்தால் ஏறுவது 3 டெசிபல்தான். அதாவது ஒரு ஃபேன் முழு வேகத்தில் தள்ளும் காற்றை இரண்டு ஃபேன் பாதி வேகத்தில் தள்ளினால், 12 டெசிபல் லாபம். அதனால் பெரிய ஃபேன், நிறைய ஃபேன், மெதுவாகச் சுற்றும் ஃபேன். பஞ்சு ஒட்டிய கேபினெட்டில் முன்பக்கம் கதவு மாதிரி மூடியிருக்கும். காற்று ஓரத்துச் சந்து வழியாகத்தான் நுழைய வேண்டும். குளிர்ந்த நாட்டில் அது அருமையாக வேலை செய்யலாம். 34 டிகிரி அறையில் உள்ளே புழுங்கி, ஃபேன் ஏறி, பஞ்சு மறைக்கும் சத்தத்தைவிட அதிகச் சத்தம் உண்டாகும். நான் எடுத்தது ஃப்ராக்டல் டாரன்ட். முன்பக்கம் முழுக்கத் திறப்பு, அங்கே 180 மில்லிமீட்டரில் இரண்டு ஃபேன், அடியில் 140 மில்லிமீட்டரில் மூன்று. ஆள் பார்க்கப் பெரியதுதான், மேசைக்கடியில் இடம் அளந்துவிட்டு வாங்குங்கள்.

ப்ராசஸர் ரைசன் 9 9950எக்ஸ், 16 கோர். கடையிலிருந்து வந்தபடியே விட்டால் 230 வாட் வரை இழுக்கும். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்) ஈகோ மோட் என்று இருக்கிறது. அதில் 105 வாட் தேர்வை வைத்தால் உண்மையில் 142 வாட்டோடு நின்றுவிடும். பத்து நிமிடம் ஆகும் ரெண்டருக்கு (முடிந்த வீடியோவை ஃபைலாக்கும் வேலை) ஒரு நிமிடம் போலக் கூடும். அந்த ஒரு நிமிடத்துக்காக நாள் முழுக்க இரைச்சலைக் கேட்க எனக்கு மனமில்லை. கேமில் வித்தியாசமே தெரியவில்லை, ஏனென்றால் கேம் அத்தனை கோரையும் ஒரே நேரத்தில் முழுசாக விரட்டுவதில்லை. மேலே நாக்டுவா என்எச்-டி15 ஏர் கூலர். 165 மில்லிமீட்டர் உயரம், அதனால் கேபினெட் அகலத்தைப் பார்த்தே ஆக வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் மிக நல்ல தேர்வு. விலையில் பெரிய வித்தியாசம், வேலையில் சின்ன வித்தியாசம்.

கிராஃபிக்ஸ் கார்டுதான் இந்தப் பெட்டியின் பெரிய அடுப்பு. ஆர்டிஎக்ஸ் 5090 என்றால் 575 வாட். நான் அந்தப் பக்கமே போகவில்லை. 5080 எடுத்தேன், 360 வாட், 16 ஜிபி மெமரி. ஒரே சிப்பைப் பல கம்பெனிகள் கார்டாக்கி விற்கின்றன. சத்தத்தை முடிவு செய்வது சிப் அல்ல, அதன் மேல் அவர்கள் வைக்கும் ஹீட்சிங்க், அதாவது வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடுகள். ஓவர்கிளாக் எடிஷன் என்று கூடுதல் விலை கொடுப்பதைவிட, கனமான மூன்று ஸ்லாட் ஹீட்சிங்க் உள்ள கார்டுக்குக் கொடுங்கள். வாங்கியபின் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேரில் வோல்டேஜைக் குறைத்தேன். 280 வாட்டுக்குள் வந்துவிட்டது, கேமில் ஃப்ரேம் இறங்கியது கண்ணுக்குத் தெரியாத அளவு. இந்த ஒரு வேலைக்குப் பைசா செலவில்லை, சத்தத்தில் கிடைத்த மாற்றமோ மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

எல்லாம் பூட்டிய பிறகு ஒரு ராத்திரி, தெரு அடங்கியதும் சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, சாஃப்ட்வேரில் ஒவ்வொரு ஃபேனாக நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். முன்பக்க ஃபேன் இரண்டும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வரும்போது மட்டும் கேபினெட் தகடு சேர்ந்து "ம்ம்ம்" என்று முனகியது. கையை வைத்தால் அதிர்வு விரலுக்குத் தெரிகிறது. அதற்குக் கொஞ்சம் கீழேயும் மேலேயும் சத்தமே இல்லை. அந்த வேகத்தைத் தாண்டிக் குதிக்கிற மாதிரி ஃபேன் கர்வை (எந்தச் சூட்டுக்கு எந்த வேகம் என்ற கோடு) அமைத்தேன், முனகல் போய்விட்டது. அப்புறம் முக்கியமான ஒன்று. ரைசன் ப்ராசஸர் ஒரு பிரவுசர் டேப் திறந்தாலே நொடியில் பத்து பதினைந்து டிகிரி ஏறி இறங்கும். ஃபேன் அதைத் துரத்திக்கொண்டு ஏறி ஏறி இறங்கினால் அதுதான் மனதைக் கெடுக்கும். ஒரே சீராக ஓடும் இரைச்சலைக் காது மறந்துவிடும், ஏறி இறங்குவதை மறக்காது. பயாஸில் ஃபேன் ஸ்டெப்-அப் நேரத்தை, அதாவது ஃபேன் வேகம் ஏற எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கூட்டி வைத்தால் இந்தத் தொல்லை தீரும். கேபினெட் ஃபேன்களை ப்ராசஸர் வெப்பத்தோடு கட்டாமல் கிராஃபிக்ஸ் கார்டு வெப்பத்தோடு கட்டினேன். ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச சாஃப்ட்வேரில் இதைச் செய்யலாம்.

தஞ்சாவூர் (கல்யாண வீடியோ)

அண்ணா, வாட் கணக்கு நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் தொழிலில் அதற்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது, கேமராவின் ஃபைல் ஃபார்மட்.

நாங்கள் சோனி ஏ7 ஃபோர் கேமராவில் எச்.265, 10 பிட், 4:2:2-ல் எடுக்கிறோம். ஃபைல் சுருங்கியிருந்தாலும் நிற விவரம் அதிகமாக இருக்கும் ஃபார்மட் இது. பட்டுப்புடவை ஜரிகையும் மேடை லைட்டும் சேரும் இடத்தில் கலர் கரெக்‌ஷன் செய்ய அந்தத் தரம் தேவை. முன்பு இருந்தது ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டு. அது இந்த 4:2:2 ஃபைலை ஹார்டுவேரில் பிரிக்காது, அதாவது சுருக்கிய ஃபைலைப் படமாக விரிக்கும் வேலையைக் கார்டு செய்யாது. அதனால் டைம்லைனை ஓட்டும்போதெல்லாம் முழுப் பாரமும் ப்ராசஸர் தலையில் விழும். முகூர்த்த நேரத்து மூன்று கேமராவை மல்டிகேமில் போட்டால் படமும் திக்கும், ஃபேனும் அலறும். கார்டோ சும்மா உட்கார்ந்திருக்கும். எல்லோரும் கூலரை மாற்றச் சொன்னார்கள். விஷயம் கூலரில் இல்லை.

ஆர்டிஎக்ஸ் 50 வரிசை 4:2:2-ஐ ஹார்டுவேரிலேயே பிரிக்கிறது. உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள புதிய இன்டெல் ப்ராசஸர்களின் குவிக் சிங்க் என்ற வீடியோ பகுதியும் எச்.265 4:2:2-ஐப் பிரிக்கும். பட்ஜெட்டுக்குத் தக்கபடி 5070 டிஐ எடுத்தேன், 300 வாட் கார்டு. டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் அதே ஃபைல்களை ஓட்டினால் ப்ராசஸர் இப்போது அசையக்கூட மாட்டேன் என்கிறது. கூலர் பழையதுதான், ஆனால் அறையில் பேச்சுச் சத்தம்தான் கேட்கிறது. எடிட்டிங்குக்காக வாங்குகிறவர்கள் முதலில் உங்கள் கேமரா என்ன ஃபார்மட் எழுதுகிறது என்று பாருங்கள், அதைப் பிரிக்கிற சிப் எது என்று பாருங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. இதற்குப் புதிய கார்டு வாங்க முடியாதவர்கள் ப்ராக்ஸி ஃபைல் (எடிட்டிங்குக்கு மட்டும் எளிதாக்கிய நகல்) போட்டுவிட்டு இரவில் தூங்கப் போகலாம். அதுவும் சத்தத்துக்கு மருந்துதான்.

பீளமேடு, கோவை

ஃபேனையெல்லாம் அடக்கிய பிறகு எனக்குப் புதிதாக ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. மெல்லிய கீச்சு. கேம் மெனு வந்தால் கூடும், ஆட்டம் தொடங்கினால் குறையும். டிஷ்யூ ரோலின் அட்டைக்குழாயைக் காதில் வைத்துக்கொண்டு கேபினெட் முழுக்கத் தேடினேன். ஃபேன் பக்கம் இல்லை, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) பக்கமும் இல்லை. கிராஃபிக்ஸ் கார்டின் நடுவில், மின்சாரம் பிரியும் இடத்தில் உள்ள காயில்களிலிருந்து வந்தது. அதைத்தான் காயில் வைன் என்கிறார்கள். மின்னோட்டம் வேகவேகமாக மாறும்போது காயிலே நுண்ணிய அளவில் அதிரும். மெனுவில் நொடிக்கு 600, 700 ஃப்ரேம் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததுதான் காரணம். மானிட்டர் 144 ஹெர்ட்ஸ் என்பதால் என்விடியா செட்டிங்கில் 141 ஃப்ரேமுக்கு வரம்பு போட்டேன். கீச்சு முக்கால்வாசி போனது. வேளச்சேரி நண்பர் சொன்ன மாதிரி வோல்டேஜையும் குறைத்ததும் மிச்சமும் போனது.

கடையில் கேட்டபோது காயில் வைனுக்கு வாரன்டி மாற்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரே மாடலிலேயே ஒரு கார்டு கத்தும், இன்னொன்று கத்தாது. அதனால் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, இந்தப் புதிய கார்டுகளின் 16 பின் கேபிளை அழுத்தி முழுசாக உள்ளே தள்ளுங்கள், பிளக்கை ஒட்டி உடனே வளைக்காதீர்கள். 2022-ல் 4090 வந்த புதிதில் கனெக்டர் உருகிய செய்திகள் நினைவிருக்கும். சத்தத்துக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லாமல் விட முடியாது.

பாளையங்கோட்டை

எங்கள் ஊரில் மழைக்காலத்தில் கரண்ட் போவது சகஜம், அதனால் யுபிஎஸ் இல்லாமல் முடியாது. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற, மின்சாரம் இழுப்பதைச் சீராக்கும் சர்க்யூட் இருக்கும். விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது சைன் அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு அலை கொடுக்கும். அந்த இரண்டும் சேர்ந்தபோது என் எஸ்எம்பிஎஸ் உறுமியது, லோடு அதிகமாக இருந்த சமயத்தில் கம்ப்யூட்டரே அணைந்தது. ப்யூர் சைன்வேவ் யுபிஎஸ்ஸுக்கு மாறியபின் பிரச்சினை இல்லை. பல யுபிஎஸ்களில் ஒரு ஃபேனும் உண்டு, அது மற்ற எல்லாவற்றையும்விடச் சின்னது, அதனால் கீச்சென்று இருக்கும். மேசையை விட்டுத் தள்ளி வையுங்கள்.

எஸ்எம்பிஎஸ் தேவைக்கு மேல் கொஞ்சம் பெரியதாக எடுப்பது நல்லது. 1000 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 400 வாட் இழுத்தால், ஜீரோ ஆர்பிஎம் வசதி உள்ள மாடல்களில் பல நேரம் ஃபேன் சுற்றவே சுற்றாது.

பெடோக், சிங்கப்பூர்

இங்கே வீடு சின்னது, படுக்கையும் கம்ப்யூட்டரும் ஒரே அறை. சிம் லிம் ஸ்கொயர் என்ற எலக்ட்ரானிக்ஸ் மாலில் பார்ட்ஸ் எல்லாமே கிடைக்கும், தேர்வு செய்வதுதான் வேலை. எனக்குக் கடைசிவரை அடங்காமல் இருந்தது ஹார்டு டிஸ்க். 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 தடவை. அந்த 120 ஹெர்ட்ஸ் அதிர்வு தகடு வழியாக மேசைக்கு வந்து, பலகையே ரீங்காரம் போடும். ரப்பர் வைத்தால் குறையுமே தவிர நிற்காது. ஹார்டு டிஸ்க்குகளை எல்லாம் ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க் வழியாக ஃபைல் தரும் பெட்டி) போட்டு ஹாலில் ரௌட்டர் பக்கத்தில் வைத்துவிட்டேன். மதர்போர்டில் 2.5 கிகாபிட் நெட்வொர்க் போர்ட் இருந்தது, ஏற்கெனவே ஓடியிருந்த கேட் 5இ நெட்வொர்க் கேபிளே அதற்குப் போதும். நொடிக்கு 280 எம்பி வரை வருகிறது, முடிந்த ப்ராஜெக்ட்டுகளைத் திறக்க அது தாராளம். ஓடிக்கொண்டிருக்கும் வேலை மட்டும் உள்ளே எஸ்எஸ்டியில்.

எஸ்எஸ்டியில் ஜென் 5 (ஜென் 4-க்கு அடுத்த, இன்னும் வேகமான தலைமுறை) வேண்டியதில்லை என்பது என் கருத்து. நன்றாகச் சூடாகும், சிலவற்றில் சின்னஞ்சிறு ஃபேன் வேறு வைத்து விற்கிறார்கள். நொடிக்கு 7000 எம்பி தரும் ஜென் 4 எஸ்எஸ்டியும் மதர்போர்டோடு வரும் தகடு ஹீட்சிங்க்கும் வீடியோ எடிட்டிங்குக்கு நிறைவாகவே இருக்கின்றன.

மதுரை (விஸ்காம் மாணவன்)

வேளச்சேரி அண்ணா, இரண்டு சந்தேகம். ஒன்று, வாட்டர் கூலரை ஏன் தவிர்த்தீர்கள்? என் நண்பர்கள் எல்லோரும் பம்ப்பும் ரேடியேட்டரும் ஒன்றாகவே வரும் 360 மில்லிமீட்டர் ஏஐஓ வாட்டர் கூலர்தான் வாங்கச் சொல்கிறார்கள். இரண்டு, ரேம் 64 ஜிபியை நான்கு 16 ஆக வாங்கலாமா? பார்க்க நன்றாக இருக்கும்.

வேளச்சேரி, சென்னை

தம்பி, ஏஐஓ கெட்டது இல்லை. 230 வாட்டையும் முழுசாக விட்டு ஓட்டப் போகிறாய் என்றால் அதுதான் சரி. 142 வாட்டுக்கு நல்ல ஏர் கூலரே போதும், அதில் பம்ப் கிடையாது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் ஏஐஓவின் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். குரல் பதிவில் அந்த மெல்லிய ஒலி விழும். வருடங்கள் போனால் உள்ளே தண்ணீர் கொஞ்சம் குறைந்து காற்றுக்குமிழ் சேரும். நீ ஏஐஓ வாங்கினால் ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேல்பக்கம் பூட்டு, பம்ப் அதைவிட உயரத்தில் இருக்கக் கூடாது. அப்போதுதான் குமிழ் ரேடியேட்டரில் தங்கும், பம்ப்பில் சிக்கிக் களகளவென்று ஒலிக்காது.

ரேம் கண்டிப்பாக இரண்டு 32 ஆகவே எடு. இந்த வகை ப்ராசஸருக்கான டிடிஆர்5 ரேமில் நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் நன்றாக இறங்கும், பல போர்டுகளில் 6000 வேகத்தில் நிலையாக ஓடாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கண்டபடி ஏறிக் கிடக்கிறது. கைவசம் பணம் குறைவு என்றால் இப்போதைக்கு இரண்டு 16 போட்டு 32 ஜிபியில் தொடங்கு, விலை இறங்கியதும் அதை விற்றுவிட்டு மாற்றிக்கொள்ளலாம். கூடவே இன்னும் இரண்டு 16 சேர்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். கேபினெட் பெயரையும் நீ பார்த்து வைத்திருக்கும் கார்டின் நீளத்தையும் எழுது, பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.