லூசிட் கனவு: மைல்டா, வைல்டா?

வேலன்:
கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று தெரிந்துவிடுவதைத்தான் லூசிட் கனவு என்கிறோம். அதற்குள் நுழைய ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். என் கட்சி வைல்ட் (WILD), அதாவது விழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் போவது. விடியற்காலை விழிப்பு வந்ததும் அசையாமல் படுத்து, மூடிய கண்ணுக்குள் தெரியும் புள்ளிகளையும் கோடுகளையும் வேடிக்கை பார்க்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவை உருவமாகும், பிறகு ஓர் இடமாகும், நாம் உள்ளே நிற்போம். நினைவு எங்கேயும் அறுபடாது. மைல்ட் (MILD) ஆட்கள் செய்வது ஸ்ரீராமஜெயம் எழுதுகிற மாதிரி. ‘அடுத்த கனவில் இது கனவு என்று தெரிந்துகொள்வேன்’ என்ற ஒரே வரியைச் சொல்லிச் சொல்லித் தூங்கிவிட்டு, வந்தால் வரட்டும் என்று கிடப்பது.

செவ்வந்தி:
கிண்டல் இருக்கட்டும் வேலன், மைல்ட் என்னவென்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? வரியைச் சொல்வது அதில் பாதிதான். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் வகுத்த முறைப்படி, இப்போது கண்ட கனவை நினைவுக்குக் கொண்டுவந்து, அதில் நிஜத்தில் நடக்க முடியாத ஒன்றைப் பிடித்து, அந்த இடத்தில் சுதாரித்துக்கொள்வதாக மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எனக்கு அடிக்கடி வருவது பரீட்சைக் கனவு. பிள்ளை பெற்ற பிறகும் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பேன். வினாத்தாளை ஒரு முறை படித்துவிட்டு மறுபடி பார்த்தால் கேள்வி மாறியிருக்கும். அந்த வினாத்தாளை வைத்துத்தான் ஒத்திகை பார்ப்பேன். பல நாள் அதிலேயே பிடிபட்டுவிடும்.

ஆழ்கடல்:
இரண்டு பேரும் ராத்திரியைப் பற்றியே பேசுகிறீர்கள். விஷயம் பகலில் இருக்கிறது. விழித்திருக்கும்போதே அடிக்கடி மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வரும். கனவில் மூக்கை மூடினாலும் காற்று வரும். ஆனால் ஏனோதானோவென்று செய்தால் பலிக்காது. ‘நான் இங்கே எப்படி வந்தேன்’ என்று நிஜமாகவே சந்தேகப்பட வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் பால் தோலே இதைத்தான் வலியுறுத்தினார்.

செவ்வந்தி:
நீங்கள் சொல்கிற மாதிரி ‘இது கனவா, நிஜமா’ என்று சோதிக்கும் ரியாலிட்டி செக்கை மட்டும் தனியாகச் செய்தவர்களுக்குச் சொல்லும்படி பலன் இல்லை என்று ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அதோடு சேர்த்து, சுமார் 5 மணி நேரம் தூங்கி எழுந்து மைல்டும் செய்தவர்களுக்கு ஒரு வாரத்தில் சுமார் 17 சதவீத முயற்சிகள் பலித்தன. மைல்ட் முடித்து 5 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு 46 சதவீதம். தூக்கத்தை விரட்டிக்கொண்டு புள்ளி எண்ணுவது எந்தக் கணக்கில் வரும்?

ஆழ்கடல்:
ஒரு வாரத்தில் பழக்கம் ஊறாது அக்கா. மாதக்கணக்கில் செய்தவனைக் கேளுங்கள்.

கல்லுப்பிள்ளையார்:
எல்லாமே எழுந்தபிறகு நாமாகக் கட்டிக்கொள்கிற கதை என்று நான் சொன்னால்?

வேலன்:
1975இலேயே அதற்குப் பதில் வந்துவிட்டது. இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் கருவிகளை மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்க, உள்ளே தூங்கிய ஆலன் வொர்ஸ்லி கனவிலிருந்தபடியே முன்பு பேசிவைத்தது போலக் கண்ணை இடமும் வலமுமாக ஆட்டிக் காட்டினார். கனவு அதிகம் வருகிற ஆர்இஎம் (REM) தூக்கத்தில் உடம்பு கட்டிப்போட்டதுபோல் கிடந்தாலும் கண் அசையும். 2021இல் வந்த ஆய்வில், கனவுக்குள் இருந்தவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டு, கண்ணசைவிலேயே சரியான பதிலும் வாங்கிவிட்டார்கள்.

வார்டு டூட்டி:
உடம்பு கட்டிப்போட்டதுபோல் கிடக்கும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். புதிதாக வருகிறவர்கள் வைல்டில் மாட்டிக்கொள்வது அங்கேதான். விழிப்பு இருக்கும், கைகால் வராது, நெஞ்சில் யாரோ உட்கார்ந்ததுபோல் இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பார்களே, அதேதான். நான் நர்ஸ். ஆபத்து இல்லை என்று எனக்குத் தெரியும். முதல் தடவை அதில் மாட்டுகிற பையனுக்குத் தெரியுமா?

வேலன்:
முன்கூட்டியே சொல்லிவைத்தால் பயம் பாதி போய்விடும். எல்லாருக்கும் வருவதும் இல்லை.

ஆழ்கடல்:
மாத்திரை போட்டால்? கேலன்டமைன் பற்றி லபெர்ஜ் குழு 2018இல் எழுதியதே. 121 பேரில் லூசிட் கனவு வந்தது வெற்று மாத்திரைக்கு 14 சதவீதம் பேருக்கு, 8 மில்லிகிராமுக்கு 42 சதவீதம் பேருக்கு.

வார்டு டூட்டி:
அது அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கிற மருந்து தம்பி. வாந்தி வரும், இதயத் துடிப்பைக் குறைக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் கனவுக்காகத் தொடவே கூடாது. தவிர, அவர்கள் மாத்திரை மட்டும் போடவில்லை. நடு ராத்திரியில் எழுந்து மைல்டும் செய்தார்கள்.

செவ்வந்தி:
பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி மைல்டுக்கே வருகிறது. இன்னொன்று: ஆர்இஎம் நீளுவது ராத்திரியின் பின்பாதியில்தான். படுத்த உடனே முயன்றுவிட்டு ‘எனக்கு வரவில்லை’ என்று புலம்புகிறவர்கள் எந்த முறையைச் செய்தும் பயனில்லை.

வேலன்:
விடியற்காலை என்று நான் முதலிலேயே எழுதிவிட்டேன். அலாரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு நீங்கள் தூங்கிவிட்டு நினைவு திரும்பக் காத்திருக்கிறீர்கள், நான் நினைவோடு போகிறேன். வித்தியாசம் அங்கே இருக்கிறது.

வார்டு டூட்டி:
எனக்கு மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். இருக்கிற தூக்கமே போதவில்லை, இதில் அலாரம் வைத்து வேறு கெடுத்துக்கொள்ள வேண்டுமா? எனக்கு எது?

செவ்வந்தி:
டூட்டி இருக்கும் நாளில் எதுவும் வேண்டாம். லீவு நாளில், தானாக விழிப்பு வரும்போது மட்டும் மைல்ட்.

வேலன்:
லீவு நாள் மதியத் தூக்கத்தில் வைல்ட் செய்துபாருங்கள். எனக்கு ராத்திரியைவிட அப்போதுதான் சுலபமாக வரும்.

வார்டு டூட்டி:
வீட்டில் இரண்டு வாண்டுகள் இருக்கின்றன சார். மதியத் தூக்கத்துக்கு முதலில் ஒரு முறை சொல்லுங்கள்.