‘சாஃப்டனிங்’ - தமிழில் ஒரே சொல் போதுமா?

கேள்வி:
மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. வாட்டர் சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) கையேடு ஒன்றில் ‘சாஃப்டனிங்’ வந்த இடமெல்லாம் ‘மென்மையாக்குதல்’ என்று போட்டேன். அடுத்து வந்தது கேக் குறிப்பு. ‘வெண்ணெயை மென்மையாக்கவும்’ என்று எழுதியதைப் படித்து அம்மா சிரிக்கிறார். வேறு என்ன எழுதலாம்?

பதில் 1:
அம்மா சிரித்தது நியாயம். வெண்ணெய் இளகும், பருப்பு குழையும், அவல் ஊறும், மாம்பழம் கனியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த வெண்ணெயை விரலால் அழுத்தினால் பள்ளம் விழவேண்டும், ஓடக்கூடாது, அதுதான் இளகல். ‘உருக்கவும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மனசுக்கும் இளகல்தான். ஆனால் பாகு இளகிவிட்டது என்றால் பதம் போச்சு என்று அர்த்தம்!

பதில் 2:
தண்ணீருக்கு மென்மையாக்குதல் சரிதான், பாடநூலிலேயே கடின நீர், மென்னீர் உண்டு. சிக்கல் வேறு இடத்தில். எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, துவரம்பருப்பு நாலு விசிலுக்கும் குழையாது. அதை நாங்கள் ‘உப்புத் தண்ணி’ என்போம். சாஃப்ட்னரோ கால்சியம், மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. அப்படிப் பிடித்துவைக்கும் ரெசின் மணிகளைக் கழுவ உப்பும் கொட்டவேண்டும். “உப்புத் தண்ணிக்கு உப்பா?” என்று என் மாமனார் ஒரு வாரம் சண்டை போட்டார். கையேட்டில் அதற்கு ஒரு வரி சேருங்கள்.

கேள்வி கேட்டவர்:
சேர்த்துவிட்டேன். வெண்ணெயும் இளகிவிட்டது.