ஜாவி சிறையிலிருந்து வெளிவருவோருக்கு உதவி: எந்த அலுவலகத்தை எப்போது பிடிப்பது?

செல்வி_பிறை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கு பெருநிலத்தில் கோயில் சார்ந்த ஒரு சிறு குழு. ஜாவியில் உள்ள செபராங் பிறை சிறையிலிருந்து விடுதலையாகும் நம் பையன்களுக்கு, வருஷத்துக்கு எட்டுப் பத்துப் பேர் அளவில், முதல் ஆறு மாதம் துணை நிற்பதாகத் திட்டம். பணம் கொஞ்சம் இருக்கிறது, ஆள் நாலு பேர். சிறை, பரோல், ஏஏடிகே (போதை ஒழிப்பு நிறுவனம்), கிளினிக், சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), ஜேகேஎம் (சமூக நலத்துறை) என்று ஆறு வாசல். எல்லாரையும் மாதம் ஒருமுறை கூட்டி உட்கார வைத்தால் போதும் என்று குழுவுக்குள் ஒரு பேச்சு. எங்கே தொடங்குவது? எதில் சறுக்கும்? வீடு எடுத்து நாலைந்து பேரைத் தங்க வைக்கலாமா?

பழையபாலம்:

கூட்டத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஆள் எந்த வழியாக வெளியே வருகிறார் என்பதுதான் முதல் கேள்வி. அதைப் பொறுத்துத்தான் யார் கையில் கயிறு இருக்கிறது என்பது மாறும்.

பரோலில் வந்தால் மாவட்ட பரோல் அதிகாரிதான் தலை. தண்டனை முடியுமுன் கண்காணிப்போடு வெளியே விடும் இந்த முறை, 2008-இல் சிறைச்சாலைச் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தது. ஒரு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், விலக்கப்பட்ட குற்றங்களில் இல்லையென்றால், பாதித் தண்டனை முடிந்ததும் பரிசீலனைக்குத் தகுதி பெறுகிறார். லைசென்ஸ் அடிப்படையில் வரும் பிபிஎஸ்எல் என்றால் அதுவும் சிறைத்துறைப் பிடிதான். போதைப்பொருளைத் தானே உட்கொண்டதற்காக அபாயகர போதைப்பொருள் சட்டத்தின் பிரிவு 15-இல் தண்டனை என்றால், அது முடிந்த கையோடு இரண்டிலிருந்து மூன்று வருஷம் ஏஏடிகே கண்காணிப்பு. எத்தனை காலம் என்பதை நீதிமன்றம் சொல்லியிருக்கும். போக்கா என்கிற குற்றத் தடுப்புச் சட்ட உத்தரவு இருந்தால் போலீஸ்.

இது எதுவுமே இல்லாமல், மூன்றில் ஒரு பங்கு நன்னடத்தைக் கழிவு போக மீதியை முடித்துவிட்டு வருபவர்தான் உங்களுக்கு முக்கியம். அவரைக் கூப்பிட்டு விசாரிக்கச் சட்டப்படி யாருக்கும் கடமை இல்லை. நாலு பேர்தான் ஆள் என்றால் உங்கள் பலத்தை இவர்கள் மேல் போடுங்கள். பரோலில் வருபவருக்கு ஏற்கனவே ஓர் அதிகாரி இருக்கிறார்.

தேதிக் கணக்கு: 36 மாதத் தண்டனை என்றால் 12 மாதம் கழிந்து 24-ஆம் மாதம். தண்டனை கைதான நாளிலிருந்தா, தீர்ப்பு நாளிலிருந்தா என்று தீர்ப்பில் பாருங்கள். உள்ளே ஒழுங்கு மீறல் இருந்தால் கழிவு குறையும். அதனால் மூன்று மாதத்துக்கு முன் ஒருமுறையும், கடைசி வாரத்தில் ஒருமுறையும் சிறையிலேயே கேட்டு உறுதி செய்யுங்கள். குடும்பம் சொல்லும் தேதியை நம்பி வேன் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இன்னொன்று. வேறு நீதிமன்றத்தில் நிலுவை வழக்கோ வாரண்டோ இருந்தால் வாசலிலேயே திரும்பப் பிடித்துக்கொண்டு போவார்கள். மூன்று மாதத்துக்கு முன்பே ஆளிடம் பட்டியல் கேட்டு, ஜேபிஜி என்கிற சட்ட உதவித் துறையையோ ஒய்பிஜிகே என்கிற தேசிய சட்ட உதவி அறவாரிய வழக்கறிஞரையோ பார்த்து, உள்ளே இருக்கும்போதே அந்த வழக்கை முடிக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் இரண்டு தண்டனையும் சேர்ந்து ஓடவும் வாய்ப்பு உண்டு. வெளியே வந்தபின் அந்த வாய்ப்பு போச்சு.

கணக்குப்பிள்ளை_பட்டர்வொர்த்:

பேப்பர் வேலையை வரிசை மாற்றாமல் செய்யணும். ஐசி என்கிற அடையாள அட்டை, பிறகு போன் நம்பர், பிறகு வங்கிக் கணக்கு, பிறகு வேலைப் பதிவு. ஐசி இல்லாமல் பிரீபெய்ட் சிம் பதிய முடியாது. சிம் இல்லாமல் ஓடிபி வராது. ஓடிபி இல்லாமல் வங்கி ஆப்பும் இல்லை, மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளப் பதிவும் இல்லை. நடுவில் ஒன்று அறுந்தால் மூன்று வாரம் போய்விடும்.

ஐசி காணோம் என்றதும் ஜேபிஎன் என்கிற பதிவுத் துறைக்கு ஓடாதீர்கள். முதலில் சிறையில் உள்ள உடைமைப் பட்டியல், அடுத்து கைது செய்த பாலாய், அதாவது போலீஸ் நிலையம். பல நேரம் அங்கேதான் கிடக்கும். தொலைந்தது என்று போனால் அபராதம், அதுவும் ஒவ்வொரு முறைக்கும் ஏறும். சிவப்பு ஐசி வைத்திருக்கும் நிரந்தரவாசி, பிறப்புப் பத்திரமே இல்லாதவர் என்றால் அது தனி வழக்கு. விடுதலைக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கணும்.

வங்கி: ஒரு வருஷம் அசையாத கணக்கு முடங்கியிருக்கும், கிளைக்கு நேரில் போனால் திறந்துவிடலாம். ஏழு வருஷம் அசையாமல் கிடந்த பணம் கோரப்படாத பணப் பதிவாளரிடம் போயிருக்கும். ஈகுமிஸ் தளத்தில் ஐசி நம்பர் போட்டுப் பார்க்கலாம்.

இபிஎஃப் சேமநிதி விஷயத்தில் குடும்பங்கள் தவறான நம்பிக்கையில் இருக்கிறார்கள். 2024 மே மாதம் ஃபிளெக்சிபிள் கணக்கு வந்தது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், உண்மைதான். ஆனால் பழைய சேமிப்பிலிருந்து அதற்குள் மாற்றிக்கொள்ள 31 ஆகஸ்டு 2024 வரைதான் அவகாசம். அப்போது உள்ளே இருந்து விண்ணப்பிக்காதவருக்கு அந்தக் கணக்கு பூஜ்யத்தில்தான் தொடங்கும். புதிதாகக் கட்டும் சந்தாவில் நூற்றுக்குப் பத்துதான் அதில் விழும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வீட்டில் சண்டை மிச்சம்.

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் தேதி முடிந்து மூன்று வருஷம் தாண்டினால் மறுபடி தேர்வு. பி2 வகை லைசென்ஸ் வருஷத்துக்கு 20 ரிங்கிட்தான். உள்ளே இருக்கும்போதே வீட்டார் புதுப்பித்து வைக்க வழி இருக்கிறதா என்று ஜேபிஜே என்கிற சாலைப் போக்குவரத்துத் துறையில் கேட்கச் சொல்லுங்கள். பெருநிலத்தில் மோட்டார் இல்லாமல் ஷிஃப்ட் வேலைக்குப் போவது எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

முதல் சம்பளம் வரும்வரை உள்ள இடைவெளிக்குத்தான் பணத்தை ஒதுக்குங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுக்கணும் என்பது சட்டம். அப்படியென்றால் 10-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தவருக்கு அடுத்த மாதம் 7-ஆம் தேதிவரை கையில் காசு இல்லை. ஏறக்குறைய நாலு வாரம். வட்டிக்காரன் வருவதும் அந்த நாலு வாரத்தில்தான். மொத்தமாகக் கொடுக்காமல் வாராவாரம் சாப்பாடு, பெட்ரோல், டாப்-அப் என்று கணக்குப் போட்டுக் கொடுங்கள்.

மல்லிகை_கிளினிக்:

மருந்துப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ஹெராயின் பழக்கம் இருந்தவர் ஒன்றிரண்டு வருஷம் உள்ளே தொடாமல் இருந்தால் உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்துவிடும். வெளியே வந்து "முன்னாடி எடுத்த அளவுதானே" என்று எடுத்தால் மூச்சு நின்றுவிடும். முதல் இரண்டு வாரம்தான் மிக ஆபத்து. இதை அவரிடமும் வீட்டாரிடமும் வெட்கப்படாமல் நேராகச் சொல்லணும். "இனிமே தொடமாட்டான், அதைப் பற்றிப் பேசவேண்டாம்" என்கிற அம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

ஹெராயின் பழக்கத்துக்கு மாற்று மருந்தாகத் தரும் மெத்தடோன் எடுப்பவர் என்றால் உள்ளே கடைசியாகக் கொடுத்த அளவும் தேதியும் எழுதிய கடிதம் அவர் கையில் இருக்கணும், வீட்டருகே உள்ள கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்) பெயர் முன்பே பதிந்திருக்கணும். வெள்ளிக்கிழமை விடுதலை என்றால் இன்னும் கவனம். மூன்று நாளுக்கு மேல் தவறினால் பழைய அளவை அப்படியே தரமாட்டார்கள். மறுபடி மதிப்பிட்டு, குறைத்துத் தொடங்கி, மெல்ல ஏற்றுவார்கள். அந்த நாட்களில்தான் பலர் பழைய இடத்துக்குப் போகிறார்கள்.

மெத்தடோன் ஹெராயின், மார்ஃபின் வகைக்குத்தான். ஷாபு என்கிற மெத்தம்ஃபெட்டமின் எடுத்தவருக்கு அது மருந்தே அல்ல. அவர்களுக்கு ஆலோசனையும், தூக்கம் கெட்டு மனம் குழம்பியிருந்தால் மனநலப் பிரிவும். எல்லாரையும் ஒரே வரிசையில் மெத்தடோன் கவுண்டருக்கு அனுப்பி வைக்கிற உதவிக் குழுக்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.

காசநோய் மருந்து ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் இரண்டு. நடுவில் வெளியே வருபவர் இருமல் நின்றதும் விட்டுவிடுவார், கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். எந்த மாதத்தில் இருக்கிறார் என்று கடிதத்தில் பாருங்கள்.

எச்ஐவி உள்ளவர் விவரம் உங்கள் பொதுத் தாளில் வரவே கூடாது. "புதன் காலை 8.30, கிளினிக்" என்று மட்டும் எழுதுங்கள். காரணம் அவருக்கும் கிளினிக்குக்கும் தெரிந்தால் போதும்.

பழையபாலம்:

மல்லிகை சொன்னதிலிருந்தே உங்கள் கூட்டத்துக்குப் பதில் வருகிறது. ஒவ்வோர் அலுவலகமும் தன் வேலையை ஒழுங்காகவே செய்யும், ஆனாலும் ஆள் விழுந்துவிடுவார். ஏன் என்றால் அவருடைய வாரத்தை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு வாரத்தைத் தாளில் போட்டுப் பாருங்கள். பிறையில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, காலை 7-லிருந்து இரவு 7. மெத்தடோன் கவுண்டர் காலை 8-க்குத் திறக்கும், தினமும் போகணும். ஏஏடிகே ரிப்போர்ட், சிறுநீர்ச் சோதனை, மாதத்தில் ஒரு வேலைநாள். பரோல் இருந்தால் இன்னொரு வேலைநாள். தகுதிகாண் காலத்தில் மாதம் இரண்டு நாள் லீவு கேட்டால் சூப்பர்வைசர் மூன்றாவது மாதம் நிறுத்திவிடுவார். வேலையைக் காப்பாற்ற ரிப்போர்ட்டைத் தவறவிட்டால் அது நிபந்தனை மீறல். இரண்டு பக்கமும் அவர்மேல்தான் பழி.

இதை அவிழ்க்கக் கூட்டம் வேண்டாம், ஒரு ஆளும் ஒரு போனும் போதும். வேலை தேடும்போதே கவுண்டர் நேரத்துக்கு ஒத்துவருகிற வேலையாகத் தேடுவது: 9.30-க்குத் திறக்கிற பட்டறை, மதிய ஷிஃப்ட், சாப்பாட்டுக் கடைச் சமையலறை. ஏஏடிகே அதிகாரியையும் பரோல் அதிகாரியையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, ஒரே நாளில் காலையும் மதியமும் வைக்க முடியுமா என்று கேட்பது. பல அதிகாரிகள் ஒத்துக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை. நிலையாக ஓடும் நோயாளிக்கு மெத்தடோனை வீட்டுக்கு எடுத்துப்போக மருத்துவர் அனுமதிக்கவும் கூடும், ஆனால் முதல் மாதத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

ஒரு ஆளுக்கு ஒரு பொறுப்பாளர். அவர் கையில் ஒரே ஒரு ஏ4 தாள்: தங்குமிடம், கண்காணிப்பு வகை, அதிகாரி போன், ரிப்போர்ட் தேதிகள், கிளினிக் நேரம், ஷிஃப்ட், சம்பள நாள். அவ்வளவே. யாரிடம் எதைச் சொல்லலாம் என்று ஆளிடமே கையெழுத்து வாங்குங்கள். எல்லா அதிகாரிகளையும் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் மட்டும் வேண்டாம். ஒருவருடைய சோதனை முடிவு முப்பது போனில் ஓடும்.

கணக்குப்பிள்ளை_பட்டர்வொர்த்:

கூட்டத்தை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம், பழையபாலம் அண்ணே. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், பெயர் சொல்லாமல், எங்கே அடைப்பு என்பதை மட்டும் பேச ஒரு கூட்டம் தேவை. அதிகாரி மாற்றலாகிப் போனால் புது ஆள் முகம் தெரிவது அங்கேதான்.

செல்வி, வேலை விஷயம். செக்யூரிட்டி கார்டு, விமான நிலையச் சரக்குக் கிடங்கு, இ-ஹெய்லிங் (ஆப் வழி வாடகைக் கார்) மூன்றிலும் போலீஸ் பின்னணிச் சோதனை உண்டு, நேரத்தை வீணாக்காதீர்கள். கட்டுமானம் என்றால் சிஐடிபி என்கிற கட்டுமான வாரியத்தின் கிரீன் கார்டு, ஒரு நாள் பாதுகாப்பு வகுப்பு. உள்ளே எஸ்கேஎம் தொழில்திறன் சான்றிதழ் எடுத்தாரா என்று கேளுங்கள், வெல்டிங், தையல், பேக்கரி எதுவானாலும். சிறு முதலாளியிடம் பேசும்போது ஒரு செய்தி கைகொடுக்கும்: முன்னாள் கைதியை முழுநேர வேலைக்கு எடுத்தால், 4,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சம்பளத்துக்குக் கூடுதல் வரிக்கழிவு என்று 2019-இல் விதி வந்து, பிறகு நீட்டிக்கப்பட்டது. நடப்பு மதிப்பீட்டு ஆண்டுக்கு அது ஓடுகிறதா என்று அவருடைய அக்கவுண்டன்ட் பார்த்துச் சொல்லட்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், "ஜெயில்காரன்தானே" என்று 1,200 பேசுபவரிடம் அனுப்பாதீர்கள்.

செல்வி_பிறை:

நன்றி எல்லாருக்கும். வீடு எடுப்பது பற்றி?

பழையபாலம்:

நாலு பேர் அல்லது அதற்கு மேல் தங்கவைத்துப் பராமரித்தால் 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்துக்குள் வந்துவிடுவீர்கள். ஜேகேஎம் பதிவு, அதற்கு பொம்பா (தீயணைப்புத் துறை), ஊராட்சி மன்ற ஒப்புதல். போதை மறுவாழ்வு என்று பலகை மாட்டினால் இன்னொரு சட்டம். அதோடு பரோலில் இருப்பவர்களை ஒரே கூரையின்கீழ் வைக்க அதிகாரியின் சம்மதம் வேண்டும். முதல் வருஷத்தில் இதில் இறங்காதீர்கள். இரண்டு மூன்று தனி அறைகளை வெவ்வேறு இடத்தில் வாடகைக்குப் பிடித்து, முன்பணத்தை நீங்கள் கட்டுங்கள்.

சொந்த வீட்டுக்கே போகிறார் என்றால் மனைவியிடம் தனியாக, அவர் மாமியார் இல்லாதபோது, ஒரு பெண் போய்க் கேட்கணும். குடும்ப வன்முறைப் பாதுகாப்பு உத்தரவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், கோயில் பெரியவர்களை விட்டுச் சமாதானம் பேசவைக்காதீர்கள்.

மல்லிகை_கிளினிக்:

விடுதலை நாள் காலையில் போகிறவர் கையில் சார்ஜ் போட்ட போன், பழைய கால் அளவைக் கேட்டு வாங்கிய செருப்பு, மருந்துக் கடிதத்தையும் அதன் பிரதியையும் வைக்க இரண்டு பிளாஸ்டிக் உறை. வழியில் கிளினிக்குக்குப் போய்விட்டுத்தான் வீடு. சாப்பாட்டுக்கு நிறுத்தினால் கவுண்டர் மூடிவிடும்.