நண்டின் நோய்க்கு ஒரு பெயர், ஞாயிற்றுக்கிழமைக்குள்

யாங்கோன், வகுப்பு ஆசிரியை:
பர்மாவில் யாங்கோன், பெகு, மோல்மேன், மெர்குய் என்று எந்த ஊரில் இருந்தாலும், எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு வகுப்புச் சுவர் ஏட்டுக்கு ஒரு பையன், மெர்குய்யில் அவன் சித்தப்பா வைத்திருக்கும் நண்டுப் பெட்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறான். பெட்டிக்கு ஒரு நண்டு. அது ஓடு கழற்றியதும் புது ஓடு இறுகுவதற்குள் எடுத்து விற்றுவிடுகிறார்கள், நாம் பர்மியத்தில் கணான் பியோ, மெது நண்டு, என்கிறோமே, அதுதான். சில நண்டுகளின் முதுகில் பழுப்புப் புள்ளி விழுந்து பிறகு குழியாகிறது, பாக்டீரியாவால் வருவதாம். பையன் "துருப்பிடித்த நண்டு" என்று எழுதிவிட்டான். சரியான சொல் என்ன? நான் "ஓட்டு நோய்" என்று போட்டேன், தேர்தல் சமயத்தில் வருமா என்று பக்கத்து வகுப்பு சார் கேட்கிறார். படம் வரைந்தாயிற்று. தலைப்புக்கு விட்ட இடம்தான் காலி.

பெகு:
துரு வேண்டாம் அக்கா. துரு நோய் கோதுமைக்கு வருவது, அது பூஞ்சை. இது வேறு. விப்ரியோ மாதிரி பாக்டீரியா, கீறல் விழுந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டுக்கு உறுதி தரும் கைட்டின் என்ற பொருளைக் கரைத்துத் தின்கிறது. அந்தப் பழுப்பும் பாக்டீரியாவின் நிறம் இல்லை, காயத்தை அடைக்க நண்டே உண்டாக்கும் மெலனின் என்ற நிறமி. நிறத்தை வைத்துப் பெயர் வைத்தால் பழி நண்டின் மேல்தான் விழும். "ஓட்டரிப்பு" போதும்.

மோல்மேன்:
அரிப்பா? நண்டு எந்தக் காலால் சொறியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அப்புறம் இந்தக் கைட்டின் எதற்கு? அது கிரேக்கரின் கித்தோன், உடம்பில் போடும் உடுப்பு. முல்லைப்பாட்டில் யவனர் மெய்ப்பை போட்டுக்கொண்டு நிற்கிறார்களே, யவனன் சட்டைக்கே நம்மிடம் சொல் இருக்கும்போது யவனனிடம் கடன் வாங்குவானேன்? நண்டுக்கு அலவன் உண்டு, விப்ரியோவுக்கு அதிரி என்று வைத்திருக்கிறேன், லத்தீனிலும் அதிர்வதுதான் பொருள். ஆக "அதிரியால் வரும் அலவன் மெய்ப்பைச் சிதைவு".

பெகு:
மாமா, மெய்ப்பை என்றால் பள்ளிக்கூடப் பையா என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நோயை விட பர்மியச் சொல் யோகாதான் பழக்கம், அதுவும் நம் ரோகம்தானே, ரங்கூன் யாங்கோன் ஆன மாதிரி ரகரம் யகரமாகிவிட்டது. "நண்டு ரோகம்" என்று விட்டுவிடலாமா?

மோல்மேன்:
ரோகம் வடசொல். பாலி வழியாகப் பர்மாவுக்கு வந்ததால் தமிழாகிவிடாது. தொல்காப்பியரே நண்டுக்குத் தமிழில் இடம் கொடுத்திருக்கிறார், "நண்டும் தும்பியும் நான்கறிவினவே".

பெகு:
அந்த நாலில் செவி இல்லை மாமா. நாம் என்ன பெயர் வைத்தாலும் அதற்குக் கேட்கப்போவதில்லை.

மெர்குய்:
அந்தச் சித்தப்பா நான்தான். புள்ளி மேலாக இருந்தால் பயமில்லை, அடுத்த முறை ஓடு கழற்றும்போது பழைய ஓட்டோடு போய்விடும். குழி உள்ளே இறங்கிவிட்டால்தான் வம்பு, புது ஓடு பழசோடு ஒட்டிக்கொள்ளும். நேற்று விடிகாலையில் ஒன்று, உடம்பு பாதி வெளியே வந்துவிட்டது, இடப்பக்கம் இரண்டு கால் மட்டும் உருவ முடியாமல் அப்படியே செத்துக் கிடந்தது. பெட்டி பார்க்கிற பையன்கள் எல்லாரும் துரு என்றுதான் சொல்வார்கள். இவனும் லீவுக்கு வந்தபோது அங்கே கேட்டதுதான்.

யாங்கோன், வகுப்பு ஆசிரியை:
சரி, இனி முடியாது, பெயின்ட் காய வேண்டும். தலைப்பு "ஓட்டரிப்பு நோய்". மாமாவைத் தவிர யாரும் மறுக்கவில்லை. கட்டுரைக்குள் பையன் எழுதிய துருவை நான் தொடவில்லை.

மோல்மேன்:
என் மறுப்பு மறுப்புதான். அரிப்புக்குப் பதில் "அரிமானம்" என்றாவது போட்டிருக்கலாம், சொறிகிற குழப்பம் வராது. ஏற்கெனவே உள்ள கலைச்சொல்தான், இரும்புக்குச் சொல்வது.

மெர்குய்:
இரும்புக்கா? அப்போ துருதானே, ஐயா?